ஜெர்மன் சொற்கட்டை குவிஸ்லெட், மெம்ரைஸிலிருந்து ஆங்கிக்கு மாற்றும் வழி

ஜெர்மன் மொழித் தேர்வுகளை நடத்தும் கேதே நிறுவனத்தின் தொடக்க நிலையான ஏ1 சொற்பட்டியலில் சுமார் 650 சொற்கள் உண்டு. இடைநிலையான பி1 பட்டியலில் ஏறத்தாழ 2400. இவ்வளவையும் குவிஸ்லெட், மெம்ரைஸ், ஆங்கி போன்ற, அட்டைகளைக் காட்டிச் சொல் பழக்கும் ஒரு செயலியில் சேர்த்துவிட்டுப் பாதியில் வேறு செயலிக்குப் போக நேர்ந்தால், மறுபடி முதலிலிருந்து தட்டச்சு செய்ய யாருக்கும் தெம்பு இருக்காது. செய்யவும் வேண்டியதில்லை. ஆனால் எது வரும், எது வராது என்று முதலிலேயே தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

சொல்லும் பொருளும் முழுதாக வந்துவிடும். ஒலியும் படமும் கொஞ்சம் கைவேலை செய்தால் வரும். எந்தச் சொல்லை எத்தனை முறை சரியாகச் சொன்னீர்கள், எதை எப்போது மறந்தீர்கள் என்ற கணக்கு மட்டும் வராது. குவிஸ்லெட்டும் மெம்ரைஸும் அந்தக் கணக்கை ஆங்கி படிக்கக்கூடிய வடிவில் வெளியே தருவதில்லை. அதை ஓரளவு ஈடுகட்டும் முறை ஒன்று உண்டு, பின்னால் வருகிறது.

பலரும் செய்யும் தவறு, ஒரு செயலியிலிருந்து எடுத்ததை அப்படியே அடுத்த செயலியில் கொட்டுவது. நடுவில் ஓர் அட்டவணை இருக்க வேண்டும். கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபிஸ் கால்க், எக்செல் எதுவானாலும் சரி. அந்த அட்டவணைதான் மூலப் பிரதி. பிழை திருத்துவதும் புதுச் சொல் சேர்ப்பதும் அங்கேதான் நடக்க வேண்டும். இப்படி வைத்திருந்தால் அடுத்த முறை செயலி மாறுவது பத்து நிமிட வேலை.

முதலில் பத்திகளைத் தீர்மானியுங்கள்

குவிஸ்லெட்டில் ஓர் அட்டைக்கு இரண்டே பக்கம்: சொல், பொருள். ஆங்கியில் ஒரு குறிப்புக்கு (ஒரு சொல்லின் முழுப் பதிவு) எத்தனை புலங்கள் (தகவல் கட்டங்கள்) வேண்டுமானாலும் வைத்து, அதிலிருந்து பல அட்டைகள் பிறக்கச் செய்யலாம். இந்த வசதிக்காகத்தான் மாறுகிறோம் என்பதால், அட்டவணையிலும் அதற்கேற்பப் பத்திகளை, அதாவது நெடுவரிசைகளை, பிரித்துவிடுங்கள். ஜெர்மனுக்கு இந்த வரிசை போதும்: அடையாள எண், பால்சொல் (பெயர்ச்சொல்லின் பாலைக் காட்டும் டேர், டீ, தாஸ்), சொல், பன்மை, தமிழ்ப் பொருள், உணர்த்துகுறி (எந்த விடை வேண்டும் என்று காட்டும் சிறு குறிப்பு), எடுத்துக்காட்டு வாக்கியம், ஒலி, பாடம்.

இவற்றில் முதல் பத்தியான அடையாள எண்தான் மிக முக்கியமானது. உரைக்கோப்பை உள்ளே எடுக்கும்போது ஆங்கி முதல் புலத்தை வைத்துத்தான் ஒரு குறிப்பு ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்கும். முதல் புலத்தில் ஜெர்மன் சொல்லை வைத்தால் வம்பு. ‘பாங்க்’ என்ற சொல்லுக்கு வங்கி என்றும் பொருள், அமரும் பலகை என்றும் பொருள். இரண்டுக்கும் பால்சொல்கூட ஒன்றேதான்: ‘டீ’. பன்மையில்தான் வேறுபடும், பலகை ‘பெங்க்க’ ஆகும், வங்கி ‘பாங்க்கன்’ ஆகும். இரண்டாவது வரி உள்ளே வரும்போது முதல் வரியை மேலெழுதக்கூடும், ஒரு பொருள் காணாமல் போகலாம்.

அதனால் ஒவ்வொரு வரிக்கும் டிஇ0001, டிஇ0002 என்று எண் கொடுங்கள். கணினியில் இதை ஆங்கில எழுத்தில் அடியுங்கள். முன்னால் எழுத்து இருப்பதால் எக்செல் பூச்சியங்களை விழுங்காது. ஒருமுறை கொடுத்த எண்ணை மாற்றவே கூடாது. வரியை நீக்கினாலும் அந்த எண்ணை வேறு சொல்லுக்குத் தராதீர்கள்.

பால்சொல்லுக்குத் தனிப் பத்தி ஏன் என்றால், ‘டேர் ஸே’ என்றால் ஏரி, ‘டீ ஸே’ என்றால் கடல். பால்சொல் சொல்லோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிறகு அதை மட்டும் மறைத்துக் கேள்வி கேட்க வழியில்லை.

உணர்த்துகுறி தமிழர்களுக்குக் கூடுதலாகவே தேவைப்படும். ‘கடல்’ என்று கேட்டால் ‘டீ ஸே’யும் சரி, ‘தாஸ் மேர்’உம் சரி. ‘நீங்கள்’ என்று கேட்டால் மரியாதைக்குரிய ‘ஸீ’யா, நண்பர்கள் பலரைக் குறிக்கும் ‘ஈர்’ஆ? மறுபுறம் ‘நாம்’, ‘நாங்கள்’ இரண்டுக்கும் ஜெர்மனில் ‘வீர்’ ஒன்றுதான். இத்தகைய வரிகளில் ‘மரியாதை’, ‘நண்பர்கள், பன்மை’ என்று இரண்டு சொல்லில் குறித்துவிடுங்கள். ஆங்கிலப் பொருளோடு இருக்கும் பாடத்தை எடுத்து, ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு இயந்திர மொழிபெயர்ப்பில் ஓட்டினால் இந்த வேறுபாடுகளெல்லாம் முதலில் சாகும். ஆங்கிலத்தின் ஒற்றை ‘யூ’விலிருந்து ‘நீ’யையும் ‘நீங்கள்’ஐயும் மீட்க முடியாது. தமிழ்ப் பொருளை ஜெர்மன் சொல்லைப் பார்த்துக் கையாலேயே எழுதுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பாடம் வீதம் செய்தால் அதுவே படிப்பும் ஆகிறது.

குவிஸ்லெட்டிலிருந்து எடுப்பது

இதைக் கணினி உலாவியில் செய்யுங்கள். உங்கள் தொகுப்பைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் எக்ஸ்போர்ட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு பெட்டி வரும். பிறர் உருவாக்கிய தொகுப்பில் இந்த வசதி இருக்காது. நகலெடுக்க அனுமதித்திருந்தால் உங்கள் கணக்கில் நகல் எடுத்துக்கொண்டு அதிலிருந்து எடுக்கலாம்.

பெட்டியில் இரண்டு தேர்வுகள் இருக்கும்: சொல்லுக்கும் பொருளுக்கும் இடையே என்ன குறி, ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே என்ன குறி. முதலாவதற்கு டேப். கமா வேண்டாம், பொருள் பகுதியில் ‘மேசை, மேஜை’ என்று எழுதியிருந்தால் அங்கேயே வரி உடைந்துவிடும். இரண்டாவதற்குப் புதுவரி என்ற தேர்வு இயல்பாகத் தோன்றும். ஆனால் பொருள் பகுதிக்குள் யாராவது என்டர் அடித்து இரண்டு வரியாக எழுதியிருந்தால் அந்த அட்டை இரண்டாகப் பிளக்கும். ஆகவே தனிக்குறி இடும் தேர்வை எடுத்து @@ என்று கொடுங்கள். வந்த உரையை நோட்பேட்++ போன்ற உரைத் திருத்தியில் ஒட்டி, முதலில் எல்லாப் புதுவரிகளையும் ஓர் இடைவெளியாக மாற்றுங்கள், அதன் பிறகு @@ என்பதைப் புதுவரியாக மாற்றுங்கள். இந்த வரிசை மாறினால் பயனில்லை.

முடிந்ததும் வரிகளை எண்ணி, தொகுப்பின் பக்கத்தில் காட்டும் அட்டை எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். ஒன்று குறைந்தாலும் அங்கேயே நின்று தேடுங்கள். 2400 வரியில் ஓர் இடத்தில் பத்தி நழுவினால் அதன் பின்னால் வரும் அத்தனை பொருளும் அடுத்த சொல்லுக்குப் போய் உட்கார்ந்திருக்கலாம்.

மெம்ரைஸிலிருந்து எடுப்பது

மெம்ரைஸ் பயனர்கள் உருவாக்கிய சமூகப் பாடங்களை அந்நிறுவனம் 2019இல் தனித் தளத்துக்கு நகர்த்தியது. பிற்பாடு அவை கைபேசிச் செயலியிலிருந்தும் விலகி வலைத்தளத்தில் மட்டும் நின்றன. பல ஆண்டு உழைப்பு அதில் இருக்கிறது என்றால் தள்ளிப்போடாமல் இப்போதே நகல் எடுத்து வையுங்கள்.

இங்கே ஏற்றுமதி பொத்தான் கிடையாது. ஒவ்வொரு நிலையின் பக்கத்தையும் திறந்து, முதல் சொல்லிலிருந்து கடைசிப் பொருள் வரை தேர்ந்தெடுத்து நகலெடுத்து அட்டவணையில் ஒட்ட வேண்டும். பெரும்பாலும் எல்லாமே ஒரே பத்தியில், சொல் ஒரு வரி, பொருள் அடுத்த வரி என்று கீழ்நோக்கி விழும். பக்கத்துப் பத்தியில் 1, 2, 1, 2 என்று இழுத்து நிரப்பி, வடிகட்டியில் 1 உள்ளவற்றைத் தனியாக எடுத்து ஒரு பத்தியிலும், 2 உள்ளவற்றை அடுத்த பத்தியிலும் ஒட்டுங்கள். நீங்கள் ஏற்கெனவே படித்த சொற்களுக்கு அடுத்த மீள்பார்வை நேரமும் மூன்றாவது வரியாக ஒட்டிக்கொண்டு வந்தால் கணக்கு குழம்பும். உங்கள் பயனர் கணக்கிலிருந்து வெளியேறிய நிலையில் பக்கத்தைத் திறக்க முடிந்தால் அந்தத் தொல்லை இல்லை. நிலையின் எண்ணை ‘பாடம்’ பத்தியில் உடனே எழுதிவிடுங்கள். பின்னால் ஞாபகம் இருக்காது.

உலாவித் துணைநிரல்கள் சில இதை ஒரே சொடுக்கில் செய்வதாகச் சொல்லும். தளத்தின் அமைப்பு மாறியதும் அவை நின்றுவிடும் என்பதால் கைமுறையைத் தெரிந்து வைத்திருப்பதே பாதுகாப்பு. மற்றவர் உழைத்து உருவாக்கிய பாடத்தைச் சொந்தப் படிப்புக்கு எடுப்பதும், அதையே உங்கள் பெயரில் பொதுவில் பகிர்வதும் ஒன்றல்ல. பகிர நினைத்தால் உருவாக்கியவரிடம் கேட்டுவிடுங்கள்.

எழுத்துகள் சிதையும் இடங்கள்

எக்செல்லில் வேலை செய்பவர்கள் ஒட்டுவதற்கு முன்னாலேயே எல்லாப் பத்திகளையும் ‘டெக்ஸ்ட்’ வகைக்கு மாற்றிவிட வேண்டும். ஜெர்மன் அகராதிகளும் பாடப் பட்டியல்களும் பன்மை விகுதியைச் சிறுகோடு போட்டுத்தான் குறிக்கும். கோட்டில் தொடங்கும் எதையும் எக்செல் சூத்திரம் என்று எண்ணி, விகுதி இருந்த இடத்தில் பிழைச் செய்தியை வைத்துவிடும். தமிழ் வேற்றுமை உருபுகளைச் சிறுகோடு போட்டு எழுதினாலும் இதே கதிதான்.

சேமிக்கும்போது எழுத்துக் குறிமுறை யூடிஎஃப்-8 ஆக இருப்பது கட்டாயம். எக்செல்லில் வெறும் சிஎஸ்வி என்று சேமித்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறியாகும், மீட்க வழியே இல்லை. ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்று தனியாக உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். ‘யூனிகோட் டெக்ஸ்ட்’ என்பதும் சரிவராது, அது யூடிஎஃப்-16. எளிதான வழி கூகுள் ஷீட்ஸில், பத்திகளை டேப்பால் பிரிக்கும் டிஎஸ்வி கோப்பாகப் பதிவிறக்குவது. குறிமுறைச் சிக்கலும் இல்லை, கமாச் சிக்கலும் இல்லை.

ஜெர்மனில் புள்ளி விடுபட்டால் பொருளே மாறும். ‘ஷோன்’ என்றால் ஏற்கெனவே. அதே எழுத்துகளில் ஓ-வின் தலைமேல் இரட்டைப்புள்ளி வைத்தால் அழகான. கோப்பைச் சேமித்ததும் ஒருமுறை உரைத் திருத்தியில் திறந்து இரட்டைப்புள்ளி எழுத்துகள், இரட்டை எஸ்-ஐக் குறிக்கும் எஸ்ட்செட், ஒரு தமிழ்ச் சொல் இவை மூன்றும் நலமாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

தமிழ்ப் பத்தியிலும் கண்ணுக்குத் தெரியாத குழிகள் உண்டு. ‘கௌ’ என்பதை ஔகாரக் குறியோடு அடித்தவரும் இருப்பார், ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்த்து ‘கெள’ என்று அடித்தவரும் இருப்பார். பார்வைக்கு ஒன்று, கணினிக்கு வேறு. ‘ஸ்ரீ’யும் இரண்டு விதமாகக் குறியிடப்படுகிறது. பழைய பட்டியல்கள் பாமினி போன்ற எழுத்துருவில் இருந்தால் யூனிகோடுக்கு மாற்றியபின்தான் அட்டவணைக்குள் விட வேண்டும். தேடும்போது சொல் அகப்படாமல் போவதற்கு இவைதான் காரணம். பிடிஎஃப்-இலிருந்து நகலெடுத்த தமிழில் கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும். அதைத் திருத்துவதைவிட மறுபடி அடிப்பது விரைவு.

ஆங்கிக்குள் எடுப்பது

டேமியன் எல்ம்ஸ் 2006இல் வெளியிட்ட ஆங்கியின் பெயர் ஜப்பானிய மொழியில் மனனம் என்று பொருள்படும். கணினிப் பதிப்பு இலவசம், ஆண்ட்ராய்டில் ஆங்கிட்ராய்டும் இலவசம், ஐபோனில் ஆங்கிமொபைல் கட்டணச் செயலி. பெயர் ஒத்த வேறு நிறுவனச் செயலிகளும் கடைகளில் உண்டு, அவை இதோடு தொடர்பில்லாதவை. கீழே சொல்வதெல்லாம் கணினிப் பதிப்புக்கு.

முதலில் ஃபைல் மெனுவில் காப்புப் பிரதி ஒன்றை உருவாக்குங்கள். டூல்ஸ் மெனுவில் மேனேஜ் நோட் டைப்ஸ் போய், பேசிக் வகையின் எதிர்த்திசை அட்டையும் உள்ள வடிவத்தை நகலெடுத்துப் புதுப்பெயர் கொடுங்கள். அதன் புலங்களை உங்கள் அட்டவணைப் பத்திகளின் வரிசைப்படியே அமையுங்கள். அடையாள எண்ணே முதல் புலமாக இருக்கட்டும். பாடம் பத்திக்குப் புலம் வேண்டாம், அது குறிச்சொல்லாக (டேக்) போகும். அட்டையின் தோற்றத்தை அமைக்கும் வார்ப்புருவில் முதல் அட்டையின் முகப்பில் பால்சொல்லும் சொல்லும், பின்புறம் தமிழ்ப் பொருளும் எடுத்துக்காட்டும். இரண்டாவது அட்டையின் முகப்பில் தமிழ்ப் பொருளும் உணர்த்துகுறியும். அடையாள எண்ணை எந்த அட்டையிலும் காட்ட வேண்டாம். தட்டச்சு செய்து விடை சொல்லும் வசதியை வைப்பதானால் ஜெர்மன் சொல்லுக்கு மட்டும் வையுங்கள். தமிழ்ப் பொருளை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவது வீண் சோர்வு.

இப்போது கோப்பிலிருந்து முதல் பத்து வரிகளை மட்டும் தனிக் கோப்பாக்கி இம்போர்ட் செய்து பாருங்கள். திரையில் பிரிகுறி டேப் என்று இருக்க வேண்டும். நோட் டைப் நீங்கள் உருவாக்கியது, டெக், அதாவது அட்டைக்கட்டு, உங்கள் விருப்பம். ‘எக்ஸிஸ்டிங் நோட்ஸ்’ என்பதில் அப்டேட். கீழே ஒவ்வொரு பத்தியும் எந்தப் புலத்துக்குப் போகிறது என்பதை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, பாடம் பத்தியை டேக்ஸ் என்பதோடு இணையுங்கள். பத்தும் சரியாக வந்தபின் முழுக் கோப்பு. அப்டேட் தேர்வு இருப்பதால் அந்தப் பத்து மறுபடி சேராது. ஏதாவது கோணலாக வந்தால் உடனே எடிட் மெனுவில் அன்டூ.

இங்கே அடிக்கடி நேரும் கோளாறுகள் சில. குறிச்சொல்லில் இடைவெளி இருந்தால் இரண்டாகப் பிரியும். ‘பாடம் 1’ என்பது ‘பாடம்’ என்றும் ‘1’ என்றும் இரு குறிச்சொற்கள் ஆகிவிடும். பாடம்_01 என்று அடிக்கோட்டோடு எழுதுங்கள். # குறியில் தொடங்கும் வரியை ஆங்கி குறிப்புரை என்று எண்ணித் தாண்டிவிடும். முதல் புலம் காலியாக உள்ள வரியையும் எடுக்காது. பாடத்துக்கு ஒன்றாகத் துணை டெக் உருவாக்கும் ஆசை பலருக்கு வரும், வேண்டாம். குறிச்சொல் போதும். நாற்பது துணை டெக்குகளை ஒவ்வொன்றாகத் திறந்து படிப்பது பிறகு பெரும் சலிப்பு.

பிறகு பிழை திருத்த வேண்டியபோது அட்டவணையில் திருத்தி, அடையாள எண் பத்தியையும் திருத்திய பத்தியையும் மட்டும் கோப்பாக்கி மறுபடி உள்ளே எடுங்கள். படித்த கணக்கு அப்படியே இருக்கும், உரை மட்டும் மாறும். இதற்காகத்தான் அந்த எண்.

ஒலி

ஆங்கி எல்லா டெக்குகளின் ஒலிக்கும் படத்துக்கும் ஒரே கோப்புறையை வைத்திருக்கிறது, கலெக்ஷன்.மீடியா என்பது அதன் பெயர். அதற்குள் உள்கோப்புறை கூடாது. கோப்புகளுக்கு அடையாள எண்ணையே பெயராக வையுங்கள். வெறுமனே 0001 என்று வைத்தால் நாளை ஜப்பானியம் சேர்க்கும்போது அதன் 0001 வந்து இதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். ஒலிப் பத்தியில் எழுத வேண்டியது: சதுர அடைப்பைத் திறந்து, சவுண்ட் என்ற ஆங்கிலச் சொல்லைச் சிறிய எழுத்தில் அடித்து, முக்காற்புள்ளி இட்டு, இடைவெளி விடாமல் எம்பி3 நீட்டிப்போடு கோப்பின் முழுப்பெயரை எழுதி அடைப்பை மூட வேண்டும். அட்டவணையில் ஒரு சூத்திரம் எழுதி இழுத்தால் 2400 வரிக்கும் நிரம்பிவிடும். உள்ளே எடுத்தபின் டூல்ஸ் மெனுவில் செக் மீடியா ஓட்டினால், அட்டையில் பெயர் இருந்தும் கோப்பு இல்லாதவை எவை என்று பட்டியல் வரும்.

கையில் ஒலிக்கோப்பே இல்லை என்றால் வார்ப்புருவில், உரையைப் படித்துக்காட்டும் டிடிஎஸ் குறியை ஜெர்மன் மொழிக் குறியீட்டோடு இட்டுவிடலாம். கருவியில் உள்ள குரலே படித்துக் காட்டும். விண்டோஸ், மேக், ஐபோன், ஆண்ட்ராய்டில் வேலை செய்யும். லினக்ஸில் தனியாகத் துணைநிரல் தேவை. தனிச் சொல்லுக்கு இந்தக் குரல் பரவாயில்லை. வாக்கியத்துக்கு மனிதக் குரலே மேல்.

படித்த கணக்கை ஈடுகட்டுவது

உள்ளே வந்த அத்தனை அட்டையும் புது அட்டையாகவே நிற்கும். இயல்பான அமைப்பில் நாளொன்றுக்கு 20 புது அட்டைகள். 2400 சொல்லுக்கு இரு திசையிலும் 4800 அட்டைகள், அதாவது 240 நாள். ஏற்கெனவே தெரிந்த சொல்லுக்கெல்லாம் இவ்வளவு நாள் காத்திருப்பது அநியாயம்.

கோப்பை உள்ளே எடுப்பதற்கு முன் அட்டவணையில் ‘நிலை’ என்று ஒரு பத்தி சேர்த்து, தமிழ்ப் பொருளை மறைத்துக்கொண்டு சொற்களின் மேல் ஓடுங்கள். யோசிக்காமல் வந்தால் 3, தடுமாறினால் 2, தெரியாவிட்டால் 1. இதை நிலை_3, நிலை_2 என்று பாடத்தின் குறிச்சொல்லோடு ஓர் இடைவெளி விட்டுச் சேர்த்துவிடுங்கள். ஆங்கியின் பிரௌஸ் சாளரத்தில் நிலை_3 குறிச்சொல் உள்ளவற்றில் முதல் வகை அட்டைகளை மட்டும் தேர்ந்தெடுத்து, செட் டியூ டேட் கொடுத்து 60-120 என்று எழுதுங்கள். அந்த அட்டைகள் இன்றிலிருந்து 60ஆம் நாளுக்கும் 120ஆம் நாளுக்கும் இடையே சிதறி விழும். 600 அட்டை என்றால் நாளுக்குப் பத்து. ஒற்றை எண்ணாக 60 என்று எழுதினால் அறுநூறும் ஒரே நாளில் வந்து கதவைத் தட்டும். நிலை_2க்கு 7-30 போதும். நிலை_1ஐத் தொடாதீர்கள்.

எதிர்த்திசை அட்டைகளுக்கு இந்தச் சலுகையைக் கொடுக்கும்போது கை சற்று இறுகட்டும். ‘டிஷ்’ என்று பார்த்ததும் மேசை என்று சொல்பவருக்கு, மேசை என்று கேட்டால் ‘டேர் டிஷ்’ என்று பால்சொல்லோடு வருமா என்பது வேறு கேள்வி. நிலை_3 ஆனாலும் அந்தத் திசைக்கு 7-30 கொடுத்துப் பாருங்கள்.

எல்லாம் முடிந்தபின் ஆங்கியின் இணையச் சேமிப்பான ஆங்கிவெப்போடு இணைக்கும்போது ஒரே ஓர் எச்சரிக்கை. குறிப்பு வகையில் புலங்களை மாற்றியிருந்தால், கணினியில் உள்ளதை மேலேற்றவா, இணையத்தில் உள்ளதைக் கீழிறக்கவா என்று கேட்கக்கூடும். இப்போது வேலை நடந்தது கணினியில் என்பதால் அப்லோட். மாற்றி அழுத்தினால் செய்த அனைத்தும் பழைய நிலைக்குத் திரும்பும். கைபேசியில் படித்தது பாக்கி இருந்தால் வேலையைத் தொடங்கும் முன்பே அதை ஒத்திசைத்துவிடுங்கள். ஏபிகேஜி, கோல்பிகேஜி என்ற இரு கோப்பு வகைகளையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். முன்னது ஒரு டெக்கை உள்ளதோடு சேர்க்கும், பின்னது முழுத் தொகுப்பையும் அழித்துவிட்டு அந்த இடத்தில் அமரும்.

திரும்பிப் போவதற்கும் வழி உண்டு. சக மாணவர்களுக்குக் குவிஸ்லெட்டில் கொடுக்க வேண்டுமானால் ஆங்கியில் எக்ஸ்போர்ட் போய் ‘நோட்ஸ் இன் பிளெய்ன் டெக்ஸ்ட்’ தேர்ந்தெடுத்து, எச்டிஎம்எல் சேர்க்கும் கட்டத்தில் குறியை எடுத்துவிடுங்கள். வந்த கோப்பின் தலையில் # குறியோடு இருக்கும் வரிகளை நீக்கி, பால்சொல், சொல், பன்மை மூன்றையும் ஒரே பத்தியாக இணைத்து, அதையும் தமிழ்ப் பொருளையும் மட்டும் நகலெடுத்துக் குவிஸ்லெட்டின் இம்போர்ட் பெட்டியில் ஒட்டினால் போதும். அட்டவணை கையில் இருக்குமானால் ஆங்கியைத் திறக்கவே வேண்டாம், அதிலிருந்தே எடுத்துவிடலாம்.